கேட்டில் நிற்கையில் பிரேக் பெடல் இறங்குகிறது, ஆயில் குறையவில்லை: எங்கே பார்ப்பது?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சொந்தமாக ஒரு டாடா 407, கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்கு நெல் மூட்டை ஓட்டுகிறீர்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பிரேக்கை மிதித்தபடி காத்திருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் மேலே நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் அதுவும் இறங்குகிறது. டப்பாவில் பிரேக் ஆயில் அளவு குறையவில்லை. பட்டறையில் இரண்டு முறை ஏர் எடுத்தாகிவிட்டது, அதாவது பிரேக் பைப்புகளுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றியாகிவிட்டது. போன மாதம்தான் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுச் சோதனையும் முடிந்திருக்கிறது. இப்போது பூஸ்டரை (வேக்குவத்தின் உறிஞ்சலால் கால் பலத்தைக் கூட்டித்தரும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றட்டுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரி வேறு ஒன்றைக் கேட்கிறது: “பம்ப் பண்ணினால் பிடிக்கிறது அண்ணே, சம்பா அறுவடை முடியும்வரை இப்படியே ஓட்டிவிடலாமா?” நீங்கள் நிஜமாகத் தெரிந்துகொள்ள நினைப்பது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டக்கூடாது தம்பி. லோடு ஏற்றியும் கூடாது, காலி வண்டியாகவும் கூடாது.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். முதல் மிதி கீழே போய், காலை எடுத்து, இரண்டாவது மிதி மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே வண்டி ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்தைத் தாண்டியிருக்கும். நம் ஊர்ச் சாலையில் ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் சாலையிலேயே காயப்போட்ட நெல், நடுவில் சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 40 கிலோ மூட்டை 100 ஏற்றினால் நெல் மட்டுமே 4 டன். இன்றைக்கு இரண்டாவது மிதியில் பிடிக்கிற பெடல் நாளைக்கு மூன்றாவது மிதியில்தான் பிடிக்கும். அது மாறுகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டு மாறாது.

சரி, நான் எதை வைத்துப் பேசுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் ஒன்பது வருடம் வேலை, அதன்பின் கும்பகோணத்தில் சொந்தப் பட்டறை. இருபது வருடத்துக்கு மேலாக எனக்குப் பெரும்பாலும் பிரேக் வேலைதான். ஆயிலில் இயங்கும் பிரேக் உள்ள சின்ன, நடுத்தர லோடு வண்டிகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். பெரிய லாரிகளின் ஏர் பிரேக் வேறு கதை. அங்கே பெடல் இப்படி இறங்காது, கேஜில் காற்றழுத்தம் இறங்கும். உங்கள் வண்டியை நான் மிதித்துப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. பிரேக் விஷயத்தில் கால் சொல்வதைக் கண் சொல்லாது. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்வோம். ‘பிரேக் லூசாக இருக்கிறது’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று அமுங்கி, காலை எடுத்தால் உந்திக்கொண்டு மேலே வந்தால் லைனுக்குள் காற்று இருக்கிறது. ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். நம் கால் அந்தக் காற்றைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கிறது. பெடல் பாதி தூரம் சும்மா போய், அதன்பின் கெட்டியாக நின்று, இரண்டாவது மிதியில் உயரமாக நின்றால் பெரும்பாலும் டிரம்முக்கும் (வீலோடு சுற்றும் உருளை) லைனிங்குக்கும் (அதை உரசிப் பிடிக்கும் பட்டை) இடைவெளி கூடிப்போயிருக்கிறது. மூன்றாவது உங்களுடையது. முதலில் கெட்டியாகத்தான் நிற்கிறது, காலை அப்படியே வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது. காற்று ஓரளவுக்கு அமுங்கியபின் நின்றுவிடும். லைனிங் இடைவெளியும் லைனிங் டிரம்மைத் தொட்டதும் நின்றுவிடும். நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அழுத்தத்தில் இருக்கிற ஆயில் எங்கோ வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏர் எடுத்து இந்தக் கோளாறு தீராது. இரண்டு முறை எடுத்தும் தீராததற்குக் காரணம் அதுதான்.

ஆயில் போகிறது, ஆனால் டப்பாவில் குறையவில்லை. அப்படியானால் எங்கே போகிறது? நம் பக்கத்து ஆளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வாய்க்கால் கரை எங்கேயும் உடையவில்லை, ஆனால் மதகு ஷட்டரின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தேக்கிவைத்த தண்ணீர் ஷட்டருக்கு அடியிலேயே கசிந்து மறுபக்கம் போகும், தேக்கிய மட்டம் இறங்கும். பெடல் மிதிக்கும்போது ஆயிலுக்கு அழுத்தம் கொடுப்பது மாஸ்டர் சிலிண்டர். அதற்குள் பிஸ்டனின் தலையில் இருக்கும் ரப்பர் கப்தான் அந்த ஷட்டர். பெடலை மிதித்தால் கப் முன்னே போய், டப்பாவிலிருந்து வரும் சின்ன துவாரத்தை மூடி, முன்னால் இருக்கும் ஆயிலை வீல்களுக்குத் தள்ளுகிறது. கப்பின் உதடு தேய்ந்தாலோ கிழிந்தாலோ ஆயில் அந்த உதட்டைத் தாண்டிப் பின்பக்கம் வருகிறது. அங்கிருந்து மறுபடி டப்பாவுக்கே போய்விடுகிறது. ஒரு சொட்டுகூட வெளியே வராது. பெடல் மட்டும் இறங்கும்.

உங்கள் வண்டியில் கோளாறு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. கணிப்பை உறுதி என்று நம்பி உடனே காசு போட வேண்டாம். உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் விஷயத்திலும் அதுவே நடந்திருக்க வாய்ப்பு உண்டு.

சொந்தப் பட்டறை போட்ட முதல் வருடம். பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தன் பழைய வண்டியைக் கொண்டுவந்தார். பெடல் கொஞ்சம் மெத்தென்று இருந்தது, காற்றுதான் என்று நினைத்தேன். பையனை உட்காரவைத்து, பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லி நான்கு வீலிலும் ஏர் எடுத்தேன். முடித்துப் பார்த்தால் பெடல் முதலில் கெட்டி, பிறகு மெல்ல இறங்குகிறது. வரும்போது அந்த இறக்கம் இல்லை. சரியாக எடுக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி எடுத்தேன், மூன்றாவது முறையும் எடுத்தேன். அன்று சாயங்காலம் பெரியவருக்கு அவசரம். “பார்த்துப் போங்க ஐயா, காலையில் கொண்டுவாங்க” என்று விட்டுவிட்டேன். பாபநாசத்தில் பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. அவர் கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நானே அங்கே போய் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். கப்பை வெயிலில் பிடித்துத் திருப்பினால் உதட்டில் நகத்தால் கீறினாற்போல ஒரு வெட்டு. சிலிண்டருக்குள் டார்ச் அடித்தால் முன்பாதி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, கடைசிப் பகுதியில் பழுப்பாகத் துரு வளையம். வருடக்கணக்கில் அந்த பிஸ்டன் முன்பாதியில் மட்டுமே போய்வந்திருக்கிறது. நான் தரைவரை மிதிக்கவைத்ததால் அதுவரை போகாத துருவின் மேல் ரப்பர் ஏறியிருக்கிறது. வெட்டியது என் வேலை. அந்த வண்டியை அன்று விட்டிருக்கக்கூடாது என்பதை இன்றைக்கும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதிலிருந்து பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பேன். பெடல் வழக்கமாகப் போகிற தூரத்தைத் தாண்டாது, கப் துருவைத் தொடாது. உங்கள் பட்டறையில் ஏர் எடுத்தபின் இறக்கம் அதிகமானதா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் என் சந்தேகம் இன்னும் பலமாகிறது.

இனி சோதனை. ஆள் ஒருவர் துணைக்கு இருந்தால் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வீலுக்குக் கட்டை கொடுத்து, இஞ்சினை அணைத்துவிடுங்கள். பெடலை ஐந்தாறு முறை மிதித்து பூஸ்டரில் இருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். இப்போது பெடலை ஓங்கி மிதிக்காமல், கேட்டில் நிற்கும்போது வைப்பதுபோல லேசாக, ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். லேசாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பலமாக மிதித்தால் ஆயிலின் அழுத்தமே கப்பின் உதட்டை விரித்து சிலிண்டர் சுவரோடு ஒட்டவைத்துவிடும், கசிவு நின்றதுபோலத் தெரியும். லேசான அழுத்தத்தில்தான் தேய்ந்த கப் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நிறைய மெக்கானிக்குகள் ஏறி உட்கார்ந்து ஒரே ஓங்கு ஓங்கிவிட்டு ‘பெடல் நல்லாத்தானே இருக்கு’ என்று இறங்கிவிடுகிறார்கள். எஃப்.சி.யில் இது தெரியாமல் போனதும் இதனால்தான் இருக்கும். அங்கே பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு நிமிடம் லேசாக மிதித்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

அதே நேரத்தில் துணைக்கு இருப்பவர் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, கொஞ்சம் தள்ளியே நின்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். முதல் மிதியில் ஒரு சின்னக் கொப்பளிப்பு வரும், அது இயல்பு. துவாரம் மூடும் முன் கொஞ்சம் ஆயில் திரும்பி வருவது அது. பெடலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும், பெடல் இறங்க இறங்க, டப்பாவுக்குள் ஆயில் அடியிலிருந்து கலங்கி வந்துகொண்டே இருந்தால் கப் போய்விட்டது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம். ஆனால் கலங்கல் தெரியவில்லை என்பதற்காகக் கப் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. கசிவு மிகக் கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது.

அப்படிச் சந்தேகம் மிஞ்சினால் கடைசித் தீர்ப்பு சொல்வது பிளக். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் பைப்புகளைக் கழற்றி, அந்த வாய்களைச் சரியான மரையுள்ள பிளக்கால் அடைத்துவிட்டு, உள்ளே காற்றில்லாமல் பார்த்துக்கொண்டு பெடலை மிதித்துப் பார்ப்பது. கல் மாதிரி நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நல்லது, கோளாறு அதற்குக் கீழே. அப்போதும் இறங்கினால் கோளாறு உள்ளேயேதான், வேறு இடமே கிடையாது. இதைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். அரை மணி நேர வேலை. பூஸ்டருக்குக் காசு கொடுக்கும் முன் இந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். சிலர் பிளக்குக்குப் பதில் ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நெரித்துப் பார்ப்பார்கள். பழைய ஹோஸ் உள்ளுக்குள் பிளந்துகொள்ளும், அடுத்த கோளாறை நாமே வைப்பதாகிவிடும். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஆயில் குறையவில்லை என்கிறீர்களே, அதை எப்படிப் பார்த்தீர்கள்? வெளியிலிருந்து பார்த்து ‘இருக்கிறது’ என்று சொல்வது போதாது. டப்பாவின் மேல் ஒரு டேப் ஒட்டி, மட்டத்துக்கு நேராகப் பேனாவால் கோடு போட்டு, வண்டியை ஓட்டாமல், நின்ற இடத்திலேயே அவ்வப்போது பெடலை மிதித்துவிட்டு, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் கதை மாறுகிறது, வெளிக்கசிவைத் தேட வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. அப்படி இருந்தால் கிளட்ச் சிலிண்டர் கசிந்தாலும் மட்டம் இறங்கும்.

வெளிக்கசிவு என்றால் வீல்களின் உட்பக்கம், டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடு, டயரின் உள்முகம் இவற்றில் ஈரம் தேடுங்கள். பின்வீலில் ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலா, ஆக்சிலிலிருந்து வரும் கியர் ஆயிலா என்று குழப்பம் வரும். விரலில் தொட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் அலசினால் தெரிந்துவிடும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து போய்விடும், கியர் ஆயில் மேலே படலமாக மிதக்கும், வாடையும் கந்தகம் மாதிரி மூக்கில் ஏறும். டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டரின் (லைனிங்கை டிரம்மோடு தள்ளும் சின்னச் சிலிண்டர்) இரண்டு பக்கமும் இருக்கும் தூசி ரப்பரின் ஓரத்தை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளிருந்து ஆயில் வழிந்தால் அந்தச் சிலிண்டர் முடிந்தது. மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேருமிடத்தையும் விட்டுவிடாதீர்கள். பின் சீல் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போய்த் தேங்கும், தரையில் ஒரு சொட்டு விழாது. அந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து ஈரமாக இருந்தாலே அறிகுறி. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும்.

கடலோரத்து வண்டிகளுக்கு இன்னொன்று உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றும் ஒரு வண்டி என்னிடம் வந்தது. லேசாக மிதித்தால் பெடல் நிற்கும், பலமாக மிதித்தால் இறங்கும், உங்களுடையதற்கு நேர் எதிர். நான்கு வீலும் காய்ந்து கிடந்தது. சேஸிஸுக்கு அடியில் படுத்து, பின்வீலுக்குப் போகும் இரும்புப் பைப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து உப்புத்தண்ணீர் வருடக்கணக்கில் சொட்டியதில், பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் துரு புற்று மாதிரி கட்டியிருந்தது. பையனைப் பலமாக மிதிக்கச் சொன்னதும் அந்தப் புற்றிலிருந்து முடியளவு மெல்லிய ஆயில் பீய்ச்சி என் கண்ணாடியில் அடித்தது. அழுத்தம் கூடினால்தான் அந்தத் துளை திறக்கிறது. வேதாரண்யம் உப்பு ஓட்டுகிறவர்களும் மீன் ஓட்டுகிறவர்களும் கிளிப்புகளைக் கழற்றி அடியில் பார்க்க வேண்டும். வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும் பைப் கிளிப்புக்குள்தான் அரித்திருக்கும். லேசான மிதிக்கு இறங்கினால் கப், பலமான மிதிக்கு இறங்கினால் வெளிக்கசிவு என்பது என் அனுபவத்தில் பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது. ஆனால் அது அனுபவம்தான், விதி இல்லை. பிளக் சோதனைக்கு ஈடாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பூஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். பூஸ்டர் கெட்டால் பெடல் கல் மாதிரி ஆகும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். மெத்தென்று ஆவதோ இறங்குவதோ பூஸ்டர் கெட்டதன் அறிகுறி அல்ல. இஞ்சினை அணைத்து வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, பெடலில் காலை வைத்தபடி இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே போகும். பூஸ்டர் வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு தடவை இறக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ‘பூஸ்டர் இழுக்கிறது’ என்று சொல்லியிருப்பார்களோ என்று நினைக்கிறேன். இஞ்சின் ஓடும்போது மிகப் பலமாக மிதித்தால் நல்ல வண்டியில்கூடப் பெடல் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அதனால்தான் சோதனையை இஞ்சினை அணைத்துவிட்டுச் செய்யச் சொன்னேன். அணைத்த நிலையிலும் இறங்குகிறது என்றால் பூஸ்டருக்கு அதில் பங்கில்லை.

இனி நான் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாத இடங்கள். உங்கள் வண்டி புதிய மாடலாக இருந்து ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால், அந்த யூனிட்டுக்குள் இருக்கும் வால்வு சரியாக மூடாமலும் பெடல் இறங்கலாம். அப்போதும் வெளியே கசிவு தெரியாது. பிளக் போட்டால் பெடல் நிற்கும், பைப்பை மாட்டினால் இறங்கும், வீல்களில் ஈரமே இருக்காது. அந்த நிலைமை வந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அந்த யூனிட்டை நான் பிரிப்பதில்லை. இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கப்பும் தேய்ந்து, பின் லைனிங்கும் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால் பெடல் தரைக்கு வெகு சீக்கிரம் போய்விடும். மாஸ்டர் மாற்றியபிறகும் பெடல் தாழ்வாகவே இருந்தால் மறுபடி மாஸ்டரைக் குறைசொல்லாமல் பின்வீல் அட்ஜஸ்ட்மென்டைப் பாருங்கள். டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று பொறித்திருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் டிரம்மையும் மாற்றத்தான் வேண்டும்.

டப்பா மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள். அது ஊதி, நெளிந்து, பழைய அளவுக்குப் பொருந்தாமல் இருந்தால் யாரோ தவறான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். இஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலும் பிரேக் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். அது நடந்திருந்தால் மாஸ்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் எல்லாம் மாற்றி, லைனையும் கழுவ வேண்டும். செலவு அதிகம்தான். பாதியை மட்டும் மாற்றினால் பழைய ரப்பரில் ஊறியிருக்கும் ஆயில் புதியதையும் கெடுத்துவிடும்.

ஆயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். நாம் போடும் டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. புது டாட் 3 கொதிக்க குறைந்தது 205 டிகிரி வெப்பம் வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிற ஊர் நம்முடையது. மூடி சரியாக மூடாத டப்பா, பாதி உபயோகித்துத் திறந்துவைத்த கேன் எல்லாமே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர்தான் சிலிண்டருக்குள் துருவாகிறது, அந்தத் துருதான் கப்பை அறுக்கிறது. டெல்டா தட்டையான பூமி, பாலத்தின் ஏற்ற இறக்கத்தைத் தவிர வேறு இறக்கமே கிடையாது, அதனால் கெட்டுப்போன ஆயில் வருடக்கணக்கில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதே வண்டி ஒருநாள் லோடோடு கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போய் இறங்கும்போது டிரம் சூடேறி, உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் வெறும் காற்றை மிதிப்பதுபோல ஆகிவிடும். ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி நன்றாக இருக்கும். உங்களுக்கு வண்டி குளிர்ந்திருக்கும்போதே இறங்குகிறதா, ஓடிச் சூடேறியபின் மட்டுமா என்பதை நீங்கள் எழுதவில்லை. சூட்டில் மட்டும் என்றால் ஆயிலையும், ஏதாவது ஒரு வீல் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். ஓட்டி நிறுத்தியதும் டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே எந்த வீல் அனல் அடிக்கிறது என்று தெரியும். டிரம்மைத் தொட்டுவிடாதீர்கள்.

மாஸ்டர்தான் என்று உறுதியானால், கிட் (உள்ளே இருக்கும் ரப்பர்கள் மட்டும்) மாற்றுவதா முழு சிலிண்டரையும் மாற்றுவதா என்று கேட்பார்கள். உள்சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து எங்கேயாவது தட்டினால் முழுதாக மாற்றுவதுதான் சரி. குழி விழுந்த சுவரில் புது ரப்பர் சில மாதம்கூடத் தாங்காது. சுவர் பளபளப்பாக இருந்தால் கிட் போதும். ஆனால் பத்து வருடம் ஓடிய வண்டிக்கு நான் முழு சிலிண்டரையே போடச் சொல்வேன். அட்டைப்பெட்டியை நம்பி வாங்காதீர்கள், கம்பெனியின் அதிகாரபூர்வ பாகக் கடையில் பில்லோடு வாங்குங்கள். கழுவும் விஷயத்தில் பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். நம் பக்கத்துப் பட்டறைகளில் எதையும் டீசலில் கழுவுகிற பழக்கம் இருக்கிறது. பிரேக் ரப்பருக்கு டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் மூன்றுமே விஷம். புது பிரேக் ஆயிலிலேயே கழுவலாம், அல்லது பிரேக் கிளீனர் ஸ்பிரே.

மாட்டும் முன் புது சிலிண்டரை வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, மெல்ல பிஸ்டனைத் தள்ளித் தள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டினால் வேலை பாதியாகும். மாட்டியபின் பூஸ்டர் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கம்பெனி சொன்ன சின்ன இடைவெளி இருக்க வேண்டும். ராடு பிஸ்டனை முட்டிக்கொண்டே இருந்தால் துவாரம் திறக்காது, ஆயில் திரும்பி வராது, நான்கு வீலும் தானாகப் பிடித்துச் சூடேறும். ஏர் எடுக்கும் வரிசை பொதுவாக மாஸ்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் வீலில் தொடங்கி அருகே வருவது. உங்கள் மாடலுக்குப் புத்தகத்தில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே லோடைப் பொறுத்து அழுத்தத்தை மாற்றும் வால்வு இருந்தால், வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பின்வீலைத் தொங்கவிட்டு ஏர் எடுத்தால் பின்பக்கம் சரியாக வராது, வீல் தரையில் நிற்க வேண்டும். வீலில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி, குமிழி நின்றபிறகும் இன்னும் கொஞ்சம் விடுங்கள். பாட்டிலில் வந்த ஆயிலை மறுபடி டப்பாவில் ஊற்ற விடாதீர்கள்.

பட்டறைக்கு வண்டியை எப்படிக் கொண்டுபோவது என்று அடுத்துக் கேட்பீர்கள். முடிந்தால் மெக்கானிக்கை உங்கள் இடத்துக்கு வரவழையுங்கள், இது வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டக்கூடிய வேலை. இல்லாவிட்டால் கட்டி இழுக்காமல் வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கயிறு கட்டி இழுக்கும் வண்டிக்கும் பிரேக் வேண்டும். எப்போதாவது ஓட்டத்திலேயே பெடல் போய்விட்டால், இஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள், பூஸ்டரின் உதவியும் போய்விடும். வேகமாக மூன்று நான்கு மிதி மிதித்துக்கொண்டே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பெரும்பாலான சின்ன வண்டிகளில் ஹேண்ட்பிரேக் கேபிளில் இயங்குவது, இந்த ஆயிலை நம்பி இல்லை. அதனால் உங்களுடையது நன்றாகப் பிடிக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவையுங்கள்.

டேப் ஒட்டிப் பார்த்த மட்டம், இஞ்சினை அணைத்து லேசாக மிதித்தபோது ஒரு நிமிடத்தில் பெடல் எவ்வளவு இறங்கியது, டப்பாவில் கலங்கல் தெரிந்ததா, வண்டி எந்த வருட மாடல், ஏ.பி.எஸ். உண்டா, சூட்டில் மட்டும் இறங்குகிறதா என்ற விவரங்களை எழுதுங்கள். பழைய கப்பைக் கழற்றினால் தூக்கிப் போட்டுவிடாமல், அதன் உதட்டை வெயிலில் பிடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். தேய்ந்ததா, வெட்டா, ஊதியதா என்று பார்த்தால் வீல் சிலிண்டர்களையும் இப்போதே கழற்ற வேண்டுமா என்பதைச் சொல்லிவிடலாம்.